மழைக்கு முன்பே ஏறும் பசுமைக் கோடு: க்ரூகர் சவானாவில் பருவத் தொடக்கத்தை எப்படிக் குறிப்பது?

தாழைமடல் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காகத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் சவானா நிலத்தின் பருவ மாற்றங்களைச் செயற்கைக்கோள் படங்கள் வழியாகப் பார்த்து வருகிறேன். ஸ்குகூசா, சடாரா ஆகிய இரண்டு முகாம்களைச் சுற்றியுள்ள பகுதிகளை எடுத்துக்கொண்டு, கூகுள் எர்த் எஞ்சின் என்னும் இணையவழித் தரவுத் தளத்தில், சென்டினல்-2 என்னும் ஐரோப்பியச் செயற்கைக்கோள்களின் படங்களிலிருந்து என்டிவிஐ என்னும் பசுமைக் குறியீட்டைக் கணக்கிட்டு, 2017 முதல் ஆண்டுவாரியாக வரைகோடு வரைந்திருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கோட்டின் மிகத் தாழ்ந்த மதிப்புக்கும் மிக உயர்ந்த மதிப்புக்கும் உள்ள இடைவெளியில் 20 சதவீதத்தைக் கோடு தாண்டும் நாளைப் 'பருவத் தொடக்கம்' என்று குறிக்கிறேன். பல கட்டுரைகளில் இந்த முறையே கையாளப்படுவதால் நானும் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதில் இரண்டு இடங்களில் எனக்கு விளக்கம் தேவைப்படுகிறது. முதலாவது, அந்தப் பகுதியில் மழைக்காலம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நீடிக்கிறது என்று படித்திருக்கிறேன். சிர்ப்ஸ் மழைத் தரவும் அப்படியே காட்டுகிறது. ஆனால் சில ஆண்டுகளில், குறிப்பாக ஸ்குகூசா பக்கத்தில், மழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே, செப்டம்பரிலேயே, பசுமைக் கோடு ஏறத் தொடங்கிவிடுகிறது. மழையே பெய்யாத நிலத்தில் புல் எப்படித் துளிர்க்கும்? கோட்டைச் சீராக்க நான் பயன்படுத்திய கணக்கு ஏற்றத்தை முன்னால் இழுத்துவிட்டதா, அல்லது மழைத் தரவு பிழையானதா என்று தெரியவில்லை.

இரண்டாவது, 2022இன் தொடக்கத்திலிருந்து இரண்டு இடங்களிலும் கோடு முழுவதுமாகத் தாழ்ந்துவிட்டது. யானைகள் மரங்களைச் சாய்ப்பதால் மரப்போர்வை குறைந்திருக்குமா, மேய்ச்சல் கூடியிருக்குமா என்று என் வழிகாட்டி கேட்கிறார். இரண்டு வேறுபட்ட நிலப்பகுதிகளில் ஒரே நேரத்தில் ஒரே அளவு சரிவு நிகழ்வது எனக்கு விந்தையாகத் தெரிகிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வெட்சி (மறுமொழி):

வணக்கம் தாழைமடல். இரண்டாவது கேள்விக்கு என்னைவிடத் தெளிவாக விடை சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். முதலாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மழைத் தரவையும் சீராக்கும் கணக்கையும் சந்தேகிப்பதற்கு முன்னால், செப்டம்பரில் துளிர்ப்பது புல்தானா என்று கேட்டுப் பாருங்கள். சவானா என்பது புல்லும் மரமும் ஒரே நிலத்தில் கலந்து வாழும் இடம். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பிக்சலின் மதிப்பும் இந்த இரண்டின் கூட்டு மதிப்பு. இவை இரண்டும் ஒரே நாளில் விழிப்பதில்லை. தென்னாப்பிரிக்கச் சவானாவின் மரங்களில் பல, மழைக்குக் காத்திராமல், பகற்பொழுது நீளத் தொடங்கி வெப்பம் ஏறும் நாட்களில், தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த நீரையும் மாவுப்பொருளையும் கொண்டும், ஆழத்து ஈரத்தைக் கொண்டும் இலை விடுகின்றன. நாப்தோர்ன் என்று அங்கே அழைக்கப்படும் முள்மரம் இன்னும் ஒரு படி முன்னே போய், இலை வருமுன்பே, நிலம் காய்ந்து கிடக்கும்போதே, வெளிர்மஞ்சள் கதிர்களாகப் பூத்து நிற்கும். புல்லுக்கு இந்த வசதி இல்லை. அதன் வேர் மேல்மண்ணில் பரவியிருப்பதால், அந்த மேல்மண் நனைந்த பிறகே தூர்களிலிருந்து புதுத்தாள் எழும்பும். மழை ஓர் ஆண்டு அக்டோபர் முதல் வாரத்திலும் மறு ஆண்டு நவம்பர் கடைசியிலும் வரலாம் என்பதால் புல்லின் தொடக்க நாளும் அதற்கேற்ப ஆடும். மரத்தின் நாள் அவ்வளவாக ஆடாது. ஸ்குகூசா பகுதியை மோடிஸ் என்னும் நாசாவின் செயற்கைக்கோள் உணரியின் தரவு கொண்டு ஆராய்ந்து சாலி ஆர்ச்சிபால்டும் ராபர்ட் ஸ்கோல்ஸும் 2007இல் வெளியிட்ட கட்டுரை இந்த வேறுபாட்டையே மையமாகக் கொண்டது. உங்கள் ஆய்வேட்டுக்கு அதைவிட நெருக்கமான கட்டுரை கிடைப்பது அரிது, அவசியம் படியுங்கள்.

இப்போது உங்கள் 20 சதவீத விதியை இதன் மேல் வைத்துப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, ஒரு பகுதியில் வறண்ட காலத்தின் அடிமதிப்பு 0.20 என்றும் உச்சமதிப்பு 0.60 என்றும் கொள்வோம். இடைவெளி 0.40; அதில் 20 சதவீதம் 0.08, ஆகவே கோடு 0.28ஐத் தொடும் நாள்தான் உங்கள் பருவத் தொடக்கம். நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை மரங்கள் மூடியிருந்தால், அவை இலை விடுவது ஒன்றே அந்த 0.08ஐத் தந்துவிடக்கூடும். அப்படியானால் நீங்கள் குறித்த நாள் மரத்தின் நாள். புல்லின் நாள் அதற்குப் பின் எங்கோ கோட்டின் நடுவில் புதைந்து கிடக்கிறது. மரம் குறைந்த இடத்தில் அதே விதி புல்லின் நாளைக் காட்டும். ஸ்குகூசாவும் சடாராவும் உங்களுக்கு வேறு வேறு விடை தருவதன் காரணம் இதுவாகவே இருக்கும். பூங்காவின் மேற்குப் பகுதி கருங்கல் பாறையின் மேல் அமைந்த மணற்பாங்கான நிலம், அங்கே காம்பிரீட்டம் போன்ற அகன்ற இலை மரங்கள் மேட்டிலும் முள்மரங்கள் சரிவின் அடியிலும் அடர்ந்திருக்கும். கிழக்குப் பகுதி பசால்ட் பாறையிலிருந்து வந்த களிமண் நிலம், சடாராவைச் சுற்றி அது நாப்தோர்னும் மருலாவும் ஆங்காங்கே நிற்கும் பரந்த புல்வெளியாக விரிகிறது. நிலத்துக்கும் காற்றுக்கும் இடையிலான கரிவளி, நீராவிப் பரிமாற்றத்தை அளக்கும் ஸ்குகூசாவின் ஆய்வுக் கோபுரத்தை 2000ஆம் ஆண்டில் நிறுவியபோது, அகன்ற இலை மரங்களின் நிலமும் முள்மரங்களின் நிலமும் சந்திக்கும் எல்லையைத் தேர்ந்தெடுத்தே நிறுவினார்கள். சில நூறு மீட்டருக்குள் நிலத்தின் தன்மை அந்த அளவுக்கு மாறுகிறது.

மண்ணையும் மறந்துவிட வேண்டாம். ஒரே அளவு இலை, வெளிறிய மணலின் மேல் இருந்தால் என்டிவிஐ குறைவாகவும் கருத்த களிமண்ணின் மேல் இருந்தால் கூடுதலாகவும் வரும். இலை அடர்ந்த உச்சத்தில் இது பெரிதாகத் தெரியாது. நீங்கள் கவனிக்கும் பருவத் தொடக்கத்தில், பாதி நிலம் வெறுமையாகக் கிடக்கும்போது, இது நன்றாகவே தெரியும். மண்ணின் பாதிப்பைக் குறைப்பதற்காக 1988இல் ஹியூட் முன்வைத்த சாவி (SAVI) என்னும் குறியீட்டையும் கூடவே கணக்கிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். மேற்கையும் கிழக்கையும் ஒரே எண்ணால் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இது மிகவும் தேவை.

ஆகவே உங்கள் ஆய்வேட்டில் முதலில் முடிவு செய்ய வேண்டியது, யாருடைய பருவத்தைத் தேடுகிறீர்கள் என்பது. மேயும் விலங்குகளின் இரையைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது புல்லின் நாள். ஒட்டகச்சிவிங்கியைப் போல மரத்தழை தின்னும் விலங்கைப் பற்றி என்றால் செப்டம்பர் ஏற்றமே உங்கள் விடை.

கதிரளவை (மறுமொழி):

2022 சரிவைப் பற்றி. தாழைமடல், யானையையும் மேய்ச்சலையும் பற்றி ஒரு வரிகூட எழுதுவதற்கு முன்னால், நீங்கள் எந்தத் தரவுத்தொகுப்பை அழைத்தீர்கள் என்பதைப் பாருங்கள்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களைச் செயலாக்கும் முறையை மாற்றியது. அன்று முதல் படத்தில் பதியப்படும் எண்களோடு 1000 கூட்டப்படுகிறது. மிக இருண்ட பரப்புகளில் திருத்தத்திற்குப் பின் எதிர்ம மதிப்புகள் வந்தால் அவை வெட்டுப்பட்டுப் போகாமல் காப்பாற்றுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பயன்படுத்துவோர் அந்த 1000ஐக் கழித்த பிறகே கணக்குப் போட வேண்டும். கழிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். சிவப்புப் பட்டையில் (அதாவது சிவப்பு ஒளியின் அலைநீள வரம்பில்) எதிரொளிப்பு 0.10, அண்மை அகச்சிவப்பில் 0.30 என்று கொள்ளுங்கள். படத்தில் இவை 10,000ஆல் பெருக்கிப் பதியப்படும்; இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே என்டிவிஐ. பழைய முறையில் எண்கள் 1000, 3000, வித்தியாசம் 2000, கூட்டுத்தொகை 4000, என்டிவிஐ 0.50. புதிய முறையில் எண்கள் 2000, 4000, வித்தியாசம் அதே 2000, கூட்டுத்தொகை மட்டும் 6000, என்டிவிஐ 0.33. நிலத்தில் ஒரு புல்கூட மாறாமல் குறியீடு மட்டும் மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிட்டது. இரண்டு வேறுபட்ட நிலங்களில் ஒரே மாதத்தில் ஒருசேரச் சரிவு வந்திருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே இதற்கு வலுவான சான்று. உங்கள் ஐயம் சரியான ஐயம்; அதை வழிகாட்டியிடம் துணிந்து சொல்லுங்கள்.

தீர்வு எளிது. கூகுள் எர்த் எஞ்சினில் சென்டினல்-2 தொகுப்பு இரண்டு வடிவங்களில் இருக்கிறது. பெயரின் இறுதியில் 'ஹார்மனைஸ்டு' என்று முடியும் தொகுப்பில் இந்த 1000 முன்கூட்டியே கழிக்கப்பட்டிருக்கும். அதற்கு மாறி, 2021 அக்டோபர் முதல் 2022 மே வரையிலான கோட்டை மட்டும் மீண்டும் வரைந்து பாருங்கள். படிக்கட்டு போன்ற அந்தச் சரிவு மறைந்துவிட்டால் காரணம் உறுதி. மறையாமல் ஒரு பகுதி எஞ்சினால் அப்போது யானையைப் பற்றிப் பேசலாம்.

மோடிஸ் தரவோடு ஒப்பிட நினைத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 250 மீட்டர் அளவுள்ள மோடிஸ் பசுமைத் தொகுப்பு 16 நாட்களுக்கு ஒன்றாக வருகிறது. அந்த 16 நாட்களில் மேகமும் பார்வைக் கோணமும் சாதகமாக இருந்த ஏதோ ஒரு நாளின் மதிப்பையே ஒவ்வொரு பிக்சலுக்கும் தேர்ந்தெடுத்துத் தருவார்கள். எந்த நாள் என்பது தனி அடுக்காகக் கூடவே இருக்கிறது. அதைப் பார்க்காமல், தொகுப்பின் முதல் தேதியையே எல்லாப் பிக்சலுக்கும் வைத்து வரைந்த கோடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் முன்னதா பின்னதா என்பதே உங்கள் கேள்வியாக இருக்கும்போது, அந்த அடுக்கைப் பயன்படுத்தாமல் வரைந்த கோடு உங்களுக்கு எந்த விடையும் தராது.

தாழைமடல்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஹார்மனைஸ்டு தொகுப்புக்கு மாறியதும் 2022 சரிவு காணாமல் போய்விட்டது. பழைய கோட்டையும் புதிய கோட்டையும் அருகருகே வைத்து வழிகாட்டிக்கு அனுப்பிவிட்டேன்.

வெட்சி அவர்களுக்கு: எனக்கு வேண்டியது புல்லின் நாள்தான். மேயும் விலங்குகளின் நகர்வோடு ஒப்பிடுவதே ஆய்வின் நோக்கம். கலந்து கிடக்கும் கோட்டிலிருந்து புல்லை எப்படிப் பிரித்தெடுப்பது? தவிர, அக்டோபர் நவம்பரில் மேகம் காரணமாகத் தொடர்ச்சியாகப் பல படங்களை நீக்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியை எப்படிக் கையாள்கிறீர்கள்?

காட்டுவழி (மறுமொழி):

மேகத்தைப் பற்றியும், இங்கே இதுவரை யாரும் குறிப்பிடாத தீயைப் பற்றியும் நான் எழுதுகிறேன். பிரித்தெடுப்பதை வெட்சி எழுதட்டும்.

க்ரூகரில் தீ பெரும்பாலும் வறண்ட காலத்தின் பிற்பகுதியில், அதாவது நீங்கள் அடிமதிப்பை அளக்கும் அதே மாதங்களில் பரவுகிறது. எரிந்த நிலம் கறுத்துப்போய் எல்லாப் பட்டைகளிலும் இருண்டு தெரியும். அதன் என்டிவிஐ, காய்ந்த புல் நின்ற போதைவிடத் தாழ்ந்துவிடும். அடிமதிப்பு தாழ்ந்தால் உங்கள் 20 சதவீதக் கோடும் தாழ்கிறது. அதனால் எரிந்த பகுதியில் பருவத் தொடக்கம் செயற்கையாக முந்திவிடும். எரிந்த பரப்புகளை மோடிஸின் மாதாந்தரத் தீப்பரப்புத் தொகுப்பைக் கொண்டு விலக்கலாம். ஆனால் அது 500 மீட்டர் அளவில் இருப்பதால் சிறு தீக்களைத் தவறவிடும். சென்டினல்-2இன் எட்டாம் பட்டையையும் பன்னிரண்டாம் பட்டையையும் கொண்டு எரிப்புக் குறியீட்டை நீங்களே கணக்கிட்டு, ஒவ்வோர் ஆண்டுக்கும் எரிந்த பரப்பைத் தனியே வரைந்து வைத்துக்கொள்வது நல்லது. எரிந்த இடத்தையும் எரியாத இடத்தையும் ஒரே சராசரியில் சேர்க்கவே கூடாது.

இதில் கண்ணுக்கு எளிதில் படாத ஒன்று இருக்கிறது. சென்டினல்-2 படத்தோடு வரும் வகைப்பாட்டு அடுக்கு, புதிதாக எரிந்த கறுப்பு நிலத்தைச் சில வேளைகளில் மேக நிழல் என்று வகைப்படுத்திவிடும். மேகத்தையும் நிழலையும் நீக்கும்போது அந்த நிலமும் சேர்ந்து நீங்கிவிடுகிறது. படத்தை இயல்பான நிறத்தில் திறந்து, நிழல் என்று குறித்த இடத்திற்கு அருகில் மேகம் உண்மையில் இருக்கிறதா என்று ஒரு சில நாட்களுக்காவது கண்ணால் பாருங்கள். மேகமே இல்லாத வானத்தின் கீழ் நிழல் விழாது.

தீயைப் பற்றிச் சொல்லும்போது பூங்காவின் எரிப்புச் சோதனைத் திடல்களையும் உங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். 1954 முதல் இன்றுவரை, ஆண்டுதோறும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று வெவ்வேறு இடைவெளியில் எரித்தும், சிலவற்றை எரிக்காமலே காத்தும் பராமரிக்கப்படும் நிலத்துண்டுகள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 ஹெக்டேர். ஒரு மோடிஸ் பிக்சல் 6.25 ஹெக்டேர் என்பதால், அது ஒரு திடலுக்குள் ஒழுங்காகப் பொருந்துவதே கடினம். சென்டினல்-2க்கோ அதே திடலுக்குள் 10 மீட்டர் பிக்சல்கள் 700 கிடைக்கின்றன. ஓரத்துப் பிக்சல்களை விட்டுவிட்டாலும் போதுமான அளவு மிஞ்சும். உங்கள் சடாரா, ஸ்குகூசா இரண்டின் அருகிலும் இந்தத் திடல்கள் உள்ளன. ஆண்டுதோறும் எரியும் திடலில் மரக்கன்றுகள் உயர முடியாமல் குட்டையாகவே நிற்கும். எரியாத திடலில் மரம் அடர்ந்திருக்கும். மண்ணும் மழையும் ஒன்றாகவும் மரப்போர்வை மட்டும் வேறாகவும் இருக்கும் இப்படிப்பட்ட இடம் உங்கள் கேள்விக்கு அமைந்து வந்தது போலவே இருக்கிறது.

மேகத்தைப் பொறுத்தவரை, இரண்டு சென்டினல்-2 கோள்களும் சேர்ந்து ஐந்து நாட்களுக்கு ஒருமுறை வந்தாலும், முதல் மழைக்குப் பிந்தைய வாரங்களில், அதாவது கோடு மிக வேகமாக ஏறும் நாட்களில்தான் படம் கிடைக்காமல் போகிறது. சீராக்கும் கணக்கு அந்த இடைவெளியை ஒரு சாய்வுக் கோட்டால் நிரப்பும். நாள் அந்தச் சாய்வின் நடுவில் எங்கோ விழும். எந்தக் கணக்கும் இல்லாத தகவலை உருவாக்கித் தர முடியாது. ஆகவே ஒவ்வோர் ஆண்டின் தொடக்க நாளுக்குப் பக்கத்திலும், அதற்கு முந்தைய தெளிவான படத்தின் தேதியையும் பிந்தைய தெளிவான படத்தின் தேதியையும் அட்டவணையில் எழுதுங்கள். இடைவெளி ஒரு மாதத்திற்கு மேல் போன ஆண்டை ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் என்பதால் அதையும் சேர்க்கலாம். ஆனால் மழை பெய்தவுடன் ரேடார் எதிரொலி ஏறுவதற்கு ஈரமான மண்ணே முதல் காரணமாக இருக்கும். முதல் நனைவு எந்த வாரத்தில் நிகழ்ந்தது என்பதற்கு அதை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். புல் வளர்ந்தது என்பதற்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

வெட்சி (மறுமொழி):

காட்டுவழி அவர்கள் சொன்ன சோதனைத் திடல்கள் என் நினைவுக்கு வரவில்லை. மிகப் பொருத்தமான யோசனை. பிரித்தெடுக்கும் முறையையும் அவற்றை வைத்தே தொடங்கலாம்.

முதலில் மரப்போர்வை வரைபடம் ஒன்று வேண்டும். மே, ஜூன் மாதங்களில் புல் பழுத்துக் காய்ந்திருக்கும், மரங்களில் பெரும்பாலானவை இன்னும் பச்சையாக நிற்கும். அந்த மாதங்களின் தெளிவான படங்களில் பச்சையாகத் தெரியும் 10 மீட்டர் பிக்சல்களை மரம் என்று கொண்டு, 100 மீட்டர் கட்டம் ஒவ்வொன்றிலும் மரத்தின் பங்கு எவ்வளவு என்று எண்ணிவிடுங்கள். பிறகு ஆகஸ்டு முதல் ஜனவரி வரை ஒவ்வொரு தெளிவான படத்திற்கும், கட்டத்தின் மரப்பங்கைக் கிடை அச்சிலும் அதன் என்டிவிஐயைச் செங்குத்து அச்சிலும் வைத்து நேர்கோடு பொருத்துங்கள். மரப்பங்கு பூச்சியமாகும் இடத்தில் கோடு காட்டும் மதிப்பு அன்றைய புல்லின் மதிப்பு. முழுமையாகும் இடத்தில் காட்டுவது மரத்தின் மதிப்பு. நாள்வாரியாக இவற்றைத் தொகுத்தால் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் கிடைக்கும். 20 சதவீத விதியைப் புல்லின் கோட்டின் மேல் மட்டும் செலுத்துங்கள். கருங்கல் நிலத்தையும் பசால்ட் நிலத்தையும் தனித்தனியே பொருத்துங்கள், எரிந்த கட்டங்களை முன்பே நீக்கிவிடுங்கள்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. மரத்தடியில் வளரும் புல்லும் வெட்டவெளிப் புல்லும் ஒன்றே என்று இது கொள்கிறது. உண்மையில் மரநிழலில் பெரும்பாலும் கினியாப் புல் வளர்கிறது. நம் ஊரில் தீவனமாகப் பயிரிடும் அதே புல்லுக்கு ஆப்பிரிக்காவே தாயகம். திறந்தவெளியில் செம்புல் போன்றவை மிகுந்திருக்கும். நிழல் புல் வெட்டவெளிப் புல்லைவிடத் தாமதமாக உலர்வதால், மரத்தின் கோட்டில் அதன் பங்கும் கலந்தே வரும். பருவத் தொடக்கத்தில் இந்தக் குழப்பம் குறைவு, பருவ முடிவில் மிகுதி. ஆய்வைத் தொடக்க நாளோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்றால் இதை ஒரு பத்தியில் குறிப்பிட்டால் போதும்.

ஆலிஃபன்ட்ஸ் ஆற்றுக்கு வடக்கே ஆய்வை விரிவாக்கும் எண்ணம் இருந்தால் மட்டும், மே, ஜூன் வரைபடத்தை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். அங்கே மோப்பேன் மரங்களே எங்கும் நிறைந்திருக்கின்றன. அவற்றின் இலைகள் செம்பழுப்பாக மாறிய பின்னும் நெடுநாள் மரத்திலேயே தங்கியிருக்கும், புதுத்துளிரும் செம்மை கலந்தே வெளிப்படும். பச்சையாகத் தெரிவதே மரம் என்ற கணக்கு அங்கே பொருந்தாது. வடக்குக்கு லைடார் என்னும் லேசர் ஒளி அளவீட்டிலிருந்து மரப்போர்வையை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது. பூங்காவின் சில பகுதிகள் விமானத்திலிருந்து அவ்வாறு அளக்கப்பட்டுள்ளன.

முதலில் சடாராவின் ஒரே ஓர் ஆண்டை எடுத்து இரண்டு கோடுகளையும் வரைந்து இங்கே பதிவிடுங்கள். புல்லின் கோடு முதல் நல்ல மழைக்குப் பின்னால் ஏறுகிறதா என்று சிர்ப்ஸ் தரவோடு சேர்த்துப் பார்ப்போம். அதன் பிறகு மற்ற ஆண்டுகளுக்குப் போகலாம்.